காப்பித்தூள் பாட்டிலில் துப்பாக்கி மருந்து

சமையலறை மேல்தட்டில், உளுந்து டப்பாவுக்கும் பழைய குக்கர் வளையங்கள் போட்டுவைத்த டின்னுக்கும் நடுவில், ஒரு காப்பித்தூள் பாட்டில் இருக்கிறது. மூடி துருப்பிடித்துவிட்டது. உள்ளே கால்வாசிக்குக் கரித்தூள். செங்கல்பட்டில் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று சாமான் இறக்கிய ஆட்கள் அதைக் குப்பைப் பக்கம் ஒதுக்கிவிட்டார்கள். நான் ஓடிப்போய் எடுத்துவந்தேன். "இத்தத் தூக்கிப் போட்டா இன்னாம்மா?" என்று மகள் மாதத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறாள். போட மாட்டேன். கொட்டாங்கச்சிக் கரியை நானே இடித்து, நானே சலித்து, துப்பாக்கி மருந்து என்று பொய் சொல்லி என் மாமனாரிடம் கொடுத்த பாட்டில் அது. பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் வேதியியல் நடத்தியும், என் கையால் நான் தயாரித்த ஒரே வெடிமருந்து அதுதான். அதுவும் வெடிக்காத மருந்து.

மாமாவுக்குச் செய்யூர் பக்கம் நிலம். காற்று திரும்பினால் கடல் இரைச்சல் காதில் விழும் தூரம். வேர்க்கடலை போடுவார். நிலத்தைச் சுற்றி மூன்று பக்கமும் சவுக்குத் தோப்பு. அந்தத் தோப்புகள் யார் யாருடையதோ, ஆனால் அதில் குடியிருந்தது காட்டுப்பன்றிகள்தான். பகலெல்லாம் நிழலில் படுத்துக் கிடந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் குடும்பத்தோடு கடலைக்கொல்லைக்கு வரும். தின்பதைவிடக் கிளறிப் போடுவது அதிகம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் யாரோ ஏர் ஓட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

அதற்காகத்தான் துப்பாக்கி. மாமாவின் அப்பா காலத்தில் பயிர்க் காவலுக்கென்று உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. தோட்டா போடுகிற ஜாதி இல்லை. ஒவ்வொரு வேட்டுக்கும் குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி இடித்தாக வேண்டும். மாமா எந்தப் பன்றியையும் சுட்டதில்லை. சுடக்கூடாது என்று சட்டம் என்பார். "அத்துக்கும் புள்ளகுட்டி கீது" என்று அடுத்த மூச்சில் சொல்வார். ஆகாயத்தைப் பார்த்து ஒரு வேட்டு. அந்தச் சத்தத்தில் நான்கு பேருடைய கொல்லையும் தப்பிக்கும். அதனால் ஊரில் எங்கள் வீட்டுக்குத் துப்பாக்கி வீடு என்றே பேர். கல்யாணப் பத்திரிகையின் மேல்கூட அப்படித்தான் எழுதிக் கொடுப்பார்கள். நான் மருமகளாக வந்த புதிதில், "துப்பாக்கி வூட்டு மருமவளா நீ?" என்று பேருந்தில் ஒரு அம்மா கேட்டபோது எனக்கு முகம் சிவந்துவிட்டது.

அத்தை நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். என் கணவர் கம்பெனி வேன் ஓட்டுகிறவர், விடியலில் போனால் இருட்டியபின் வருவார். ஆக, வீட்டில் பேச்சுத் துணை என்றால் எனக்கு மாமா, மாமாவுக்கு நான். என்னிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். கல்யாணமான முதல் வாரத்தில் மாமாவின் தங்கை மீன் குழம்பு கொண்டுவந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். "புளி கூடிப்போச்சு" என்றேன். அந்த அம்மா ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. மாமாதான் சிரித்துச் சிரித்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். "எங்க டீச்சரம்மா வாய்ல பொய்யே வராது. புளின்னா புளிதான்."

பிரச்சினை ஒரு தேர்தலில் ஆரம்பித்தது. தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமம் உள்ளவர்கள் எல்லோரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். மாமா ஒவ்வொரு முறையும் அதைப் பழைய வேட்டியில் சுற்றி, பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். முடிவுகள் வந்தபின் திரும்பி வாங்கித் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பார். அந்த முறை துப்பாக்கி திரும்பி வந்தது, மருந்து இல்லை. வீட்டில் இருந்தது பரண் ஒழுகியதில் கட்டியாகிவிட்டது. வாங்கலாம் என்று செங்கல்பட்டுக்குப் போனால், வழக்கமாக விற்கிற கடையின் ஷட்டர் கீழே இறங்கியிருந்தது. கடைக்காரர் காலமாகிவிட்டார், மகனுக்கு அந்த வியாபாரத்தில் இஷ்டமில்லை, உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை.

கடலை பூ விட்டு விழுது மண்ணுக்குள் இறங்குகிற நேரம். பன்றிகளுக்கு இந்தத் தேர்தல், கடை மூடல் எல்லாம் யார் சொன்னார்களோ, வந்துவிட்டன.

அப்போதுதான் மாமாவுக்கு வீட்டிலேயே ஒரு வேதியியல் ஆசிரியை இருப்பது ஞாபகம் வந்தது. "இவ்ளோ பட்ச்சிகீற, ஒரு புடி மருந்து செய்யத் தெரியாதா உனுக்கு?" என்றார். தெரியும் தெரியாது என்பதல்ல விஷயம், வீட்டில் செய்வது குற்றம், செய்கிறவன் கையும் கண்ணும் போகும் என்று வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சரி, செய்ய வாணாம். அத்துக்கு பதிலா வேற இன்னா போடலாம்?" என்றார். மாமாவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் உண்டு. காப்பித்தூள் இல்லையென்றால் சுக்கு, வெல்லம் இல்லையென்றால் பனங்கற்கண்டு. துப்பாக்கி மருந்தையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஸ்கூட்டர் எடுக்கச் சொன்னார். முதலில் மாமல்லபுரம். அங்கே சிற்பக்கூடம் வைத்திருந்த அவருடைய பழைய சிநேகிதர் மூலமாகக் கல்குவாரி வெடியில் கொஞ்சம் கிடைக்குமா என்று பார்க்க ஆசை. பாதி செதுக்கிய பிள்ளையார்களுக்கு நடுவில் நின்றுகொண்டு சிநேகிதர் கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணாத்த, இப்ப அதெல்லாம் கம்பெனிக்காரன் வண்டியில பூட்டு போட்டு எடுத்தாறான். அதுவும் மலைய ஒடைக்கிற சாமான். உன் கொழாய்ல போட்டா நீதான் செலை" என்றார். அங்கிருந்து திருப்போரூர். கோயில் திருவிழாவுக்கு வாணம் கட்டுகிற ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனோம். அவர் வாசலில் வைத்தே விஷயத்தை முடித்துவிட்டார். "வாணத்து மருந்து வேற, துப்பாக்கி மருந்து வேற. பாக்க ரெண்டும் கருப்புதான். ஒண்ணு நிதானமா தள்ளும், ஒண்ணு பட்டுனு கிழிக்கும். கிழிக்கிறத கொழாய்ல போட்டன்னா அது உன் மூஞ்சிய பாத்துதான் வரும். வூட்டுக்குப் போ நைனா." நான் நினைத்ததைவிடத் தெளிவான பாடம். இத்தோடு மாமா அடங்குவார் என்று நிம்மதியாக வண்டியைத் திருப்பினேன். வழியில் அவருக்கு இளநீர்கூட வாங்கிக் கொடுத்தேன்.

அடங்கவில்லை. அடுத்த வாரமே யாரோ பேச்சில் சொன்னதைக் கேட்டு, தீபாவளிக்கு மிஞ்சிய பட்டாசைப் பிரித்துக் குழலில் போட்டுவிட்டார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது கிணற்றடியில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். இடது புருவம் இல்லை. கன்னத்தில் கடுகு தெறித்த மாதிரி கரும்புள்ளிகள். "ஒண்ணுமில்லம்மா, நெருப்பு லேசா பின்னால பூந்துடிச்சி" என்றார். அவரை வண்டியில் ஏற்றிச் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் திட்டினேன். கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒரு நூல் தள்ளியிருந்தால் கண் போயிருக்கும் என்றார். மாமா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்து, மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே, "கொஞ்சம் அளவு கூடிப்போச்சி. அடுத்த வாட்டி கம்மியா போடணும்" என்றார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது.

இந்த மனிதரை மிரட்டி நிறுத்த முடியாது என்று அன்று தெரிந்துகொண்டேன். துப்பாக்கியைப் பிடுங்கி வைத்தால் துப்பாக்கி வீட்டுப் பேரையே பிடுங்கிய மாதிரி. அன்றிரவு சாதம் போடும்போது எனக்கு அந்தப் பொய் வந்தது. எப்படி வந்தது என்று இன்றும் ஆச்சரியம்தான்; வழக்கமில்லாத வாய். "பட்டாசு மருந்தெல்லாம் ஏரியில கொட்டிடுங்க. எங்க லேப்ல ஒரு மருந்து செய்யலாம். சத்தம் கொஞ்சம் கம்மியாத்தான் வரும், ஆனா பயமில்லாதது. நான் கொண்டுவர்றேன்" என்றேன். மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சத்தியமாவா?" "சத்தியமா." மறுநாள் என் கண்ணெதிரேயே பட்டாசு மிச்சத்தையெல்லாம் கொண்டுபோய்த் தண்ணீரில் கொட்டினார்.

இஸ்திரிக் கடையில் கொட்டாங்கச்சிக் கரி வாங்கி, மாமா கொல்லைக்குப் போயிருந்த நேரம் பார்த்து உரலில் இடித்தேன். உள்ளங்கை கன்றிப்போனது. துணியில் சலித்து, காப்பித்தூள் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பினேன். என் திட்டம் எளிமையானது. மருந்து பிடிக்காது. "டீச்சரம்மா, உன் மருந்து நமுத்துப்போச்சி" என்று வருவார். வெயிலில் காய வைக்கலாம், வேறு செய்து பார்க்கலாம் என்று இழுத்தடித்தால் அறுவடை வந்துவிடும், கண் தப்பும். பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மூடியைத் திறந்து பார்த்தார். "சோக்கா கீதும்மா" என்றார்.

அடுத்த நாள் காலையில் கொல்லையிலிருந்து வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு வெடி போட்டேன். பன்னிங்கோ சிட்டா பறந்துடிச்சி."

நான் தோசைத் திருப்பியோடு அப்படியே நின்றேன். கரி வெடிக்காது. உலகத்தில் எந்த ஊரிலும் வெறும் கரி வெடித்ததில்லை. மாமா சும்மா சொல்கிறாரோ என்று நினைத்தால், பக்கத்துக் கொல்லைக்காரர் அன்று மாலையே வாசலில் நின்று, "உங்க மாமனார் நேத்து டமால் டமால்னு போட்டு கலக்கிட்டாரும்மா" என்கிறார். பாட்டிலைப் பார்த்தால் மட்டம் ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. அடுத்த வாரம் இன்னும் இறங்கியது. எனக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியது. என் கரியோடு எங்கிருந்தோ பட்டாசு மருந்தைக் கொண்டுவந்து கலக்கிறார். ஏரியில் கொட்டியது எனக்குக் காட்டுவதற்காக. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அளவாகவாவது போட்டிருப்பார்; இப்போது பயமில்லாத மருந்து என்று டீச்சரே சொல்லிவிட்டாளே என்று தாராளமாகக் கலந்திருப்பார்.

கேட்டுவிடலாம்தான். என்னவென்று கேட்பது? 'நான் கொடுத்தது வெடிக்காதே, உங்களுக்கு எப்படி வெடிக்கிறது' என்றா? திருடனுக்குத் தேள் கொட்டின கதையாகிவிட்டது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் கெட்டிக்காரியும் இல்லை, என் புளுகு மூன்று வாரம் ஓடியது. அந்த மூன்று வாரமும் வகுப்பில் கரும்பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருக்கும்போதே கண்ணுக்குள் மாமாவின் கன்னத்துப் புள்ளிகள் வரும். செல்போன் அடித்தால் ஆஸ்பத்திரியோ என்றுதான் எடுப்பேன். காலையில் அவர் உள்ளே நுழைந்ததும் முதலில் இரண்டு கண், பிறகு பத்து விரல் என்று எண்ணிவிட்டுத்தான் காப்பி கொடுப்பேன். மற்றதெல்லாம் கண்ணில் படவேயில்லை. மாதாமாதம் மாமாவுக்கென்று வாங்கும் பல்பொடிப் பாக்கெட் அலமாரியில் பிரிக்காமலே கிடந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அரை நிமிஷத்தில் விளங்கியிருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும், இனி தாங்காது என்று நேராகக் கொல்லைக்கு வண்டியை விட்டேன். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வரப்பில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கும்போதே தோப்புக்குள் எதிரொலித்து ஒரு 'டமால்'. அடுத்து ஒன்று. அதற்குப் பிறகு நான் நடக்கவில்லை, கடலைச் செடிகளை மிதித்துக்கொண்டு ஓடினேன்.

துப்பாக்கி காவல் கொட்டகையின் கழியில் மாட்டியிருந்தது. குழல் வாயில் துணி அடைத்து, எண்ணெய் மினுங்க. மாமா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, சாலை போட்டவர்கள் விட்டுப்போன ஒரு தார் டிரம்மின் முன்னால் நின்றிருந்தார். கையில் கடப்பாரை. மூன்றாவது அடிக்கு ஓங்கியவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

நேரே போய் அவர் கைகள் இரண்டையும் பிடித்து இழுத்து முகர்ந்து பார்த்தேன். கந்தக வாசனை இல்லை. தார் வாசனையும் வியர்வையும்தான். "பட்டாசு எங்க?" என்றேன். "ஏது பட்டாசு? அன்னிக்கே கொட்டிட்டேனே. நீயும் பாத்துகினுதானே இருந்த." "அப்போ நான் குடுத்த மருந்து?"

மாமா கடப்பாரையை டிரம்மின் மேல் சாய்த்து வைத்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "அது கரிதானம்மா" என்றார். "வாங்கினப்பவே ஒரு சிட்டிகை நாக்குல வெச்சி பாத்தேன். மருந்துன்னா வெடியுப்பு கரிக்கும், நாக்கு ஜில்லுங்கும். இதுல உப்பு இல்ல, ஜில்லுனு இல்ல. எங்கப்பன் காலத்துலேர்ந்து மருந்த நாக்குல வெச்சிதான் வாங்கறது."

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. "தெரிஞ்சும் ஏன் மாமா சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? நீ பொய் சொன்னன்னா?" அவர் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். புருவம் அப்போதுதான் முளைக்க ஆரம்பித்திருந்தது. "ஒரு குழம்புக்குப் பொய் சொல்லாத பொண்ணு நீ. என் கண்ணுக்காவ ஒரு பொய் சொல்லிகீற, சத்தியம் வேற பண்ணிகீற. அத்த நான் போயி ஒடைக்கறதா? அப்பால உன் மருந்து வெடிக்கலன்னா ஊர்ல உன் பட்ச்ச பட்ப்புக்கு இன்னா மரியாத? அதான் டிரம்மு."

"பாட்டில்ல கொறைஞ்சுகிட்டே வருதே?"

"கை கன்ற இடிச்சி குட்த்தியே, வீணாக்க மனசு வர்ல. பல்லு வெளக்கிகினு கீறேன்" என்று சொல்லி ஈயென்று காட்டினார். அந்த மாலை வெளிச்சத்தில் மாமாவின் பற்கள் பளிச்சென்று இருந்தன. நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் பொய்யை மறைக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் அதை வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார், தினமும் கடப்பாரை தூக்கி. பிறகு அந்தக் கடப்பாரையை வாங்கி நானும் ஒரு அடி போட்டேன். தோள்பட்டை மூட்டு கழன்றுவிடும்போல் இருந்தது. தோப்புக்குள் ஏதோ சரசரவென்று ஓடியது.

அந்த வருஷம் கடலை தப்பியது. அதன் பிறகு மாமா மருந்து தேடவேயில்லை. துப்பாக்கி மட்டும் தோளில் ஏறிக் கொல்லைக்குப் போய்வரும், ஒவ்வொரு தேர்தலுக்கும் வேட்டி கட்டிக்கொண்டு காவல் நிலையம் போய்வரும். ஊரில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கரி மட்டும் பாட்டிலில் இறங்குவதும், நான் மறுபடி இடித்து நிரப்புவதுமாக இருந்தது. "டீச்சரம்மா, மருந்து தீந்துடிச்சி" என்று யார் இருந்தாலும் அவர்கள் எதிரிலேயே சத்தமாகக் கேட்பார். கேட்டவர்கள் என்னை மரியாதையோடு பார்ப்பார்கள்.

போன வருஷம் மாமா போய்விட்டார். தூக்கத்தில், அலுங்காமல். உரிமத்தைத் தன் பேருக்கு மாற்ற என் கணவருக்கு விருப்பமில்லை, துப்பாக்கியை ஒப்படைத்துவிடலாம் என்றார். மாமாவின் டிரங்குப் பெட்டியில் துப்பாக்கி சம்பந்தமாக இருந்ததையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு இருவரும் காவல் நிலையத்துக்குப் போனோம். எழுத்தராக இருந்த ஏட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசைமேல் வைத்து எழுதினார். துப்பாக்கி. உரிமப் புத்தகம். இடிக்கிற கம்பி. மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு போட்டுவைத்த துருப்பிடித்த டப்பா. கடைசியாக இந்தப் பாட்டில். என் கணவர் அதையும் பையில் போட்டிருக்கிறார். அவருக்கு அது மாமாவின் மருந்துதான், இத்தனை வருஷமும். ஏட்டு மூடியைத் திறந்து, மூக்கருகே கொண்டுபோய், நெற்றியைச் சுருக்கினார்.

"இது இன்னாம்மா, மருந்தா? கரி மாதிரி கீது?"

"பல்பொடி சார்" என்றேன்.

என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஏட்டு பாட்டிலை என் பக்கம் தள்ளிவிட்டு, 'மருந்து இருப்பு இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அந்தப் பாட்டிலைப் பற்றி நான் வாய் திறந்து சொன்ன முதல் உண்மை அது. கேட்க மாமா இல்லை.

அப்போது நாங்கள் இன்னும் இருந்த ஊர் வீட்டுக்குத் திரும்பி, அதைத் தட்டில் வைப்பதற்கு முன்னால் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை. ஜில்லென்றும் இல்லை. வெறும் கரி, யாருக்கும் தெரிந்துபோகும். பிறகு முற்றத்துக் குழாயடியில் நின்று, அதை வைத்தே பல் துலக்கிவிட்டு வந்தேன்.